இரண்டாவது சொல்

"மூட்டை மேல ரெண்டாவது பேரை யார் எழுதினது?"

ஆய்வகத்துக்காரர் கேட்டது மசாலாக் கிடங்குப் பெண்ணிடம். எழுதியதே அவள்தான். அந்தக் கிடங்கின் தரச் சோதனை முழுக்க அவள் பொறுப்பு.

செடிகொடிகளுக்கு அறிவியல் பெயர் இரண்டு சொல். முதல் சொல் எந்தக் கூட்டம் என்று சொல்லும், இரண்டாவதுதான் ஆளைக் காட்டும். வந்திறங்கிய நாற்பது மூட்டை அன்னாசிப்பூவிலும் அனுப்பியவன் 'இல்லிசியம்' என்று மட்டும் எழுதித் தொலைத்திருந்தான். வழக்கமாக வருவது சமையல் பூவான 'வேரம்'தானே என்று இவளே பேனாவை எடுத்துப் பூர்த்தி செய்துவிட்டாள். 'அனிசேட்டம்' என்று இன்னொன்று இருக்கிறது. பார்க்க அச்சு அசலாக அதே பூதான், ஆனால் விஷம். குழந்தைக்குப் போனால் வலிப்பு வரும்.

"நாலு மூட்டை அந்த விஷம்தாம்மா. அனுப்பினவங்களே இப்பத்தான் சொல்றாங்க."

"பத்து மூட்டை பிரிச்சுச் சோதிச்சேனே சார்! பத்தும் சுத்தமா இருந்துச்சே!"

"நல்லது, கெட்டதுன்னு ரெண்டே உறுப்பு வச்சுப் போடுற ஈருறுப்புக் கணக்கு, படிச்சிருப்பீங்களே? பத்துல ஒண்ணு கெட்டதுன்னா, பத்து மூட்டை பார்த்தாலும் மூணுல ஒரு தடவை கெட்டது கண்ணுலயே படாது."

மூணுல ஒரு தடவையா! பத்தும் நல்லதென்றால் எல்லாமே நல்லது என்று எந்த மடையன் சொன்னான்? ஒருவனும் சொல்லவில்லை, இவளாக நினைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் ஒரு இடி. அக்காவின் கைக்குழந்தைக்கு வயிற்றுவலி என்று நேற்று ஒரு பிடி அள்ளிக்கொண்டு போயிருந்தாள். சோதித்த பத்தையும் தைத்து முத்திரை வைத்தாயிற்று, அதைப் போய்ப் பிரிப்பானேன் என்று சோதிக்காத மூட்டையில்தான் கையை விட்டாள்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பாப்பா எங்க?"

"தூங்குறாடி. கத்தாத."

"எழுப்பு! அந்தப் பூ விஷம்க்கா! கொடுத்தியா?"

"அய்யய்யோ! இல்லடி, அவளுக்கு வலி தானா நின்னுடுச்சு. கொடுக்கவே இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பூவை அப்படியே குப்பையில கொட்டிடுக்கா."

"நேத்து ராத்திரி மாடி வீட்டுக்காரி கேட்டாடி, அவ பையனுக்கும் வயிறு சரியில்லன்னு. என் தங்கச்சியே சோதிச்சுக் கையெழுத்துப் போட்டதுன்னு சொல்லி, அத்தனையையும் நான்தான் கொடுத்தேன்."

"மேல ஓடுக்கா! ஓடு!"

"விடியக்காலையிலயே போயிட்டாங்கடி. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, கதவைக்கூடப் பூட்டாம ஓடினாங்க."