அடுத்த ரோஸ்

நடிக்கும் ஆசையில்தான் ஷெரோமி நாடகக் குழுவில் சேர்ந்தாள் என்று கஜேந்திரன் நினைத்தார்.

கஜேந்திரன் பள்ளிக்கூட ஆசிரியர். இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வட்டவளைப் பக்கம் தேயிலைத் தோட்டம் தோட்டமாக நாடகம் போடுபவர். முதல் நாளே குழுவின் வழக்கத்தைச் சொல்லிவிட்டார்.

"பாத்துக்கிட்டு இருக்கிற யாருக்காவது நடிப்பு சரியில்லைன்னு பட்டா, 'நிறுத்து'ன்னு சொல்லலாம். சொன்ன ஆளு மேடையச் சுத்திக் கட்டுற கயித்துக்குள்ள வந்து, அதத் தானே நடிச்சுக் காட்டணும்."

"யாரு வேணும்னாலும் வரலாமா சேர்?"

"யாரு வேணும்னாலும்."

கேட்ட ஷெரோமி அந்த இடத்திலேயே பெயரைக் கொடுத்தாள்.

அவளுடைய அக்கா யூஜினா கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம். ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "தங்கச்சி, அம்மாகிட்டச் சொல்லு..." என்று தொடங்கியபோதே பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ரோஸ், ஃபோனை வை" என்று அதட்டியது. அத்தோடு சரி. அந்த இலக்கம் பிறகு வேலை செய்யவேயில்லை.

அனுப்பி வைத்தவர் கிளைவ். இவர்கள் தோட்டத்துக்காரர்தான். எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில். "ஹட்டன்ல பஸ் ஏத்தி விட்டதோட என் வேல முடிஞ்சுது. எந்த வீடுன்னு எனக்கெங்க தெரியும்?" பொலிஸிலும் அதையே சொன்னார். எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

ரோஸ் என்ற பெயரை ஷெரோமி யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் மறுநாளே கிளைவின் காதுக்குப் போய்விடும். அம்மா அவரை அவ்வளவு நம்பினாள்.

இப்போது அவசரம் வந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டில் அழகம்மாவின் மகள் சுலக்ஷனா பையைக் கட்டி வைத்திருந்தாள். திங்கட்கிழமை பயணம். அனுப்புவது கிளைவ்.

கிளைவுக்கு ஒரு பலவீனம் உண்டு. கிறிஸ்து பிறப்பைக் காட்டும் நத்தார் நாடகத்தில் பதினான்கு வருடமாக ஏரோது மன்னன் அவர்தான். இன்னொருவன் மேடையில் தடுமாறினால், தானே போய் நடித்துக் காட்டும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது.

நாடகத்தில் தரகனாக நடிப்பவன் வினோஜன். ஷெரோமி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஞாயிற்றுக்கெழம மோசமா நடி."

"நான் எப்பவும் அப்படித்தானே."

"அத விட மோசமா. யாராவது ஒன்ன நிறுத்துனா, வெளிய போயி ஃபோன்ல வீடியோ எடு. என்ன நடந்தாலும் நிப்பாட்டாத."

ஞாயிறு மூன்று மணி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். மேல்மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் பாயில் அம்மா. பின்னால் கதிரையில் கிளைவ்.

தரகன் வேலைக்கு ஆள் பிடிக்கும் கட்டம். வேலைக்குப் போகும் பிள்ளையாக ஷெரோமி. வினோஜன் இரண்டு தடவை வசனத்தை மறந்தான்.

"டேய், இப்படிக் கூப்பிட்டா பூனக்குட்டி கூட ஒம் பின்னால வராது," என்றாள் அழகம்மா. "அங்க ஏரோது ராசா சும்மா குந்திக்கிட்டு இருக்காரு. இவனப் போயி நடிக்க விட்டிருக்காங்க."

கூட்டம் சிரித்தது. எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. கிளைவ் புன்னகையோடு தலையாட்டி மறுத்தார். வினோஜன் மூன்றாவது தடவையும் மறந்தான்.

"நிறுத்து."

கயிற்றைத் தூக்கிக்கொண்டு கிளைவ் உள்ளே வந்தார். வினோஜன் வெளியே போய் ஃபோனை எடுத்தான்.

"பயப்படாத தங்கச்சி. ஒன்ன வேலைக்காரியாவா அனுப்புறேன்? மக மாதிரி வச்சுக்குவாங்க."

எட்டு மாதத்துக்கு முன் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, ஷெரோமி ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, யூஜினாவிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

"என்ன வேலண்ணே?"

"வயசான அம்மா ஒருத்தங்க. சோறு குடுத்து, காலப் புடிச்சு விட்டாப் போதும்."

"எம் பேரு அவங்க வாயில வருமா?"

கிளைவ் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "அந்தக் கவலையே வேணாம். அந்த வீட்டுக்கு யாரு போனாலும் ஒரே பேருதான். ரோஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். ஷெரோமி கேட்டுவிட்டாள்.

"அப்ப, இப்ப இருக்கிற ரோஸ் எங்கண்ணே?"

பதினான்கு வருடம் ஒரு வசனம் மறக்காத ஏரோது முதல் தடவையாக வசனத்தைத் தவறவிட்டார்.

"மூஞ்சிய எப்படி மாத்துறாரு பாரு," என்று அழகம்மா கை தட்டினாள்.

கிளைவின் விரல்கள் ஷெரோமியின் மணிக்கட்டைப் பிடித்தன. "போதும், நிறுத்துங்க," என்றார் கஜேந்திரன். பிடி தளரவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, அவர் அவள் காதருகே குனிந்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?"

அவள் முன்னால் பார்த்துச் சொன்னாள். "அம்மா, அக்கா ஃபோன்ல கோல் எடுத்தப்ப அந்த வீட்ல அவள ரோஸ்னுதான் கூப்பிட்டாங்க."

அம்மா எழுந்தாள். கயிற்றுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தாள்.

"எந்த வீடுன்னு தெரியாதுன்னு சொன்னீங்களே தம்பி. எம் மக எங்க?"

கிளைவ் கூட்டத்தைப் பார்த்தார். வினோஜனின் கையில் ஃபோன் ஓடிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

"யூஜினா அங்க இல்லக்கா." அந்தக் குரலில் இப்போது நடிப்பு இல்லை. "போன மாசத்துல இருந்தே இல்ல. அதான் இன்னொரு புள்ளைய அனுப்பச் சொன்னாங்க."

கை தட்டிக்கொண்டிருந்த அழகம்மா நிறுத்தினாள். பக்கத்தில் இருந்த சுலக்ஷனாவின் கையைத் தேடிப் பிடித்தாள்.