நாட்டுச் சிங்கி

அருண்குமாருக்கு அன்னூரில் பம்ப்செட் கம்பெனி. அது நன்றாக ஓடியதால், கையில் காசு சேர்ந்தவர்களுக்கு வரும் ஆசை அவருக்கும் வந்தது. கோயமுத்தூரில் ஒரு கடலுணவு ஓட்டல் கட்டினார். கோழி என்றால் நாட்டுக்கோழி, சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரை என்று கேட்டு வாங்கும் ஊர். லாப்ஸ்டர் என்கிற சிங்கி இறாலை மட்டும் சும்மா விட முடியுமா? வாசலில் ஆளுயரப் பலகை வைத்தார்: ‘லட்சத்தீவின் சுத்தமான நாட்டுச் சிங்கி. ஒரே தீவு, ஒரே வம்சம்.’

இதை ஒரு விஞ்ஞானி வாயால் சொல்லவைத்தால் எடுபடும் என்று தோன்றியது. ஓட்டலுக்குப் பாத்திரம் கொடுத்த கலீல் ரஹ்மானின் மகள் ஃபஹீமா, கொச்சியில் சிங்கி இறாலைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். லீவில் கோயமுத்தூர் கோட்டைமேட்டு வீட்டுக்கு வந்திருந்தவளை, திறப்பு விழாவுக்கு முதல்நாள் வரவழைத்தார்.

“எச்சா ஒண்ணும் வேண்டாமுங்க மேடம். சுத்த நாட்டு வகை, அந்தத் தீவுலயே பொறந்து வளந்ததுன்னு மைக்குல ரெண்டு வார்த்தை சொல்லிப்போடுங்க.”

கண்ணாடித் தொட்டிக்குள் சிங்கிகள் நீண்ட மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. ஃபஹீமா அவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“வளந்தது அங்கதானுங்ணா. பொறந்தது அங்கன்னு சொல்ல முடியாதுங்க.”

“ஏனுங்க?”

“முட்டை பொரிஞ்சு வர்ற குஞ்சு கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும். எதுத்து நீந்தத் தெம்பு இருக்காது. நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் மாசக்கணக்குல போகும். அப்புறம் ஏதோ ஒரு தீவுல ஒதுங்கும். இதோட ஆத்தா மாலத்தீவுல இருக்கலாம், இலங்கையில இருக்கலாம். இது போட்ட குஞ்சு வேற எங்கியாவது வளரும்.”

பேச்சில் மடங்கும்போது மனிதர்கள் கேட்கும் கேள்வியை அருண்குமார் கேட்டார்.

“அது இருக்கட்டுமுங்க. உங்களுக்குப் பூர்வீகம் எதுங்க?”

“கோயமுத்தூருங்க.”

“அதுக்கு முன்னால?”

“அதுக்கு முன்னாலயும் கோயமுத்தூர்தானுங்க. உங்களுக்குங்க?”

“தாராபுரத்துல இருந்து வந்த...” என்று பெருமையாகத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் விழாவுக்கு அவருடைய மாமனார் அங்கப்பன்தான் தலைமை. காங்கயம் காளை வாங்கினாலும் மாப்பிள்ளை பார்த்தாலும் ஏழு தலைமுறை விசாரிக்கிறவர். காளைக்குக் கொஞ்சம் கூடுதலாக விசாரிப்பார். பிறப்பைப் பற்றிப் பேசாமல் வாழ்த்தினால் போதும் என்று அருண்குமார் கேட்டுக்கொண்டதால் மேடையேறிய ஃபஹீமா, மைக்கில் ‘வணக்கம்’ சொல்லி முடிப்பதற்குள் அங்கப்பன் எழுந்துவிட்டார்.

“ஏனம்மணி, ஒரே வம்சம்னு போட்டிருக்குதே, நெசமா?”

“இல்லீங்க” என்றாள். முதல்நாள் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். கூடமே கேட்டது.

அங்கப்பன் தொட்டியை விட்டு ஓரடி விலகி நின்றார். “தாய் தகப்பன் தெரியாததையா எனக்குப் போடறீங்க, மாப்ளே? நண்டு கொண்டாரச் சொல்லுங்க.”

அவருக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் நண்டு கேட்டது.

“நண்டுக் குஞ்சும் இப்படித்தானுங்க...” என்று ஃபஹீமா ஆரம்பித்தாள். அருண்குமார் மைக்கை அணைத்துவிட்டார்.

தன்னால் ஒரு மனிதரின் வியாபாரம் படுத்துவிட்டதே என்ற வருத்தத்தோடுதான் ஃபஹீமா கொச்சிக்குத் திரும்பினாள். ஒரு மாதம் கழித்து அருண்குமாரே போன் செய்தார்.

“மேடம், நீங்க சொன்னதைச் சர்வருங்களுக்கு அப்படியே சொல்லிக்குடுத்துப்போட்டேன். மாலத்தீவுல பொறந்த ஃபாரின் சிங்கின்னதும் கூட்டம் அள்ளுதுங்க.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லீங்களே! உங்க மாமனார் என்ன சொன்னாருங்க?”

“ஞாயித்துக்கிழமையானா ரெண்டு சாப்புடறாருங்க. ஃபாரின் சரக்கு ருசியே தனிங்கறாரு.”

ஃபஹீமாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எதையாவது உருப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது.

“வயித்துல முட்டையோட வர்ற சிங்கியை மட்டும் வாங்காதீங்ணா. அதுங்களைப் புடிச்சுத் தீத்துட்டா அந்தத் தீவு மட்டுமில்ல, குஞ்சு போய்ச் சேர்ற தீவெல்லாம் காலியாயிரும்.”

“ஐயோ, அதை நிறுத்த முடியாதுங்க மேடம்” என்றார் அருண்குமார், உண்மையான வருத்தத்தோடு. “மாமா அதைத்தானுங்க கேட்டுச் சாப்புடறாரு.”