மதாம் வசேரின் சாவுகள்

நடிகை லெயோந்தின் வசேர் நாடக மேடையில் செத்தபோதெல்லாம் உண்மையாகவே செத்தாள். திரை விழுந்ததும் வைத்தியர் நாடி பார்ப்பார், இருக்காது. சபையின் கைதட்டல் உள்ளே வந்து சேர்ந்ததும் கண் திறந்து, கூந்தலை ஒதுக்கிக்கொண்டு வணங்கப் போவாள். பிறந்த ஊரான ருவானில் அவள் வெறும் நடிப்பாகத்தான் செத்துக்கொண்டிருந்தாள். இப்படி நிஜமாகச் சாவது, அவள் கப்பலேறி மோன்ரியால் வந்த பிறகு ஏற்பட்டது. ஊர்க்காரர்கள் குளிருக்குப் பழகியதுபோல் இதற்கும் பழகிக்கொண்டார்கள். பாதிரியார் மட்டும், சாகிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலை ஒரே ஆத்துமாவுக்கு எத்தனை தடவைதான் கொடுப்பது என்று பிரசங்கத்திலேயே அலுத்துக்கொண்டார்.

அரங்கம் நிறைந்த நாளில் அவள் வெதுவெதுப்பாக எழுவாள். பனிப்புயலில் பாதிக் கூட்டம் மட்டும் வந்து கைதட்டினால் விரல்கள் நீலம் பாரித்திருக்கும். உடுப்பு மாட்டிவிடும் ரோஸால்மா பட்டாணி சூப்பை ஊட்டி, உள்ளங்காலைத் தேய்ப்பாள். பிறகு எதிர்த்தெருவில் சலனப்படக் கொட்டகை வந்தது. கூட்டம் அங்கே போயிற்று. லெயோந்தின் ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் குறைவாக எழுந்தாள். ஒரு வருஷம் இடது காது திரும்பவில்லை. அடுத்த வருஷம் நாக்கில் ருசி.

"சாகிற வேஷமாவே ஏன் மதாம் கேட்டு வாங்குறீங்க? மாமியார் வேஷம் கட்டுங்களேன். நாலு திட்டு திட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்" என்றாள் ரோஸால்மா, காலைத் தேய்த்தபடி.

"என் பொண்ணு அங்க இருக்காடி. ருவான்ல காய்ச்சல்ல போனவ. நான் கிடக்குற அந்தக் கொஞ்ச நேரம் மடியில வந்து உக்கார்றா. தலையப் பின்ன ஆரம்பிப்பேன், இவனுங்க தட்டி எழுப்பிடுறானுங்க. ஒரு தடவகூட முழுசாப் பின்னல."

ரோஸால்மா மற்றக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அரங்கத்தை மூடும் நாளன்று, கடைசி ஆட்டமாயிற்றே என்று ஊரே திரண்டு வந்துவிட்டது. இத்தனை கைகளும் தட்டினால் மதாம் புதுப்பெண்ணாக எழுந்து இன்னும் பல வருஷம் இருப்பாள். ரோஸால்மாவுக்கு அவளைவிட்டால் வேறு நாதியில்லை. இருந்தும் திரை விழுந்த கையோடு அதன் முன்னால் போய் நின்றாள்.

"யாரும் தட்டிடாதீங்கய்யா. மகளோட இருக்காங்க. விட்டுடுங்க."

தட்டத் தூக்கிய கைகளைக் கூட்டத்திலிருந்த கசாப்புக்காரர்கள் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். சீமாட்டிகள் கையுறைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். காலடிச் சத்தம்கூட இல்லாமல் எல்லோரும் பனியில் இறங்கிப் போனார்கள். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, தொப்பியைக் கழற்றினார்.

ரோஸால்மா பிறகு ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கையில் ஒட்டிய மாவை இரண்டு கையையும் தட்டி உதறாமல் துணியில்தான் துடைப்பாள். யாரும் ஏனென்று கேட்டதில்லை. மதாமைப் புதைத்த கல்லறைத் தோட்டம் அந்தத் தெருக்கோடியில்தான் இருந்தது.