எனக்கும் சேத்து ஒரு பிடி

சிதைமேல் கிடத்தப்பட்டிருந்த முத்தரசுவின் முகத்திலிருந்து வெள்ளைத் துணியை விலக்கிய வேளையில், மருமகன் சேதுபதியின் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. அதை அவரிடம் கொடுத்துவிட்டு ஈரவேட்டியுடன் நின்ற மகன் வேல்பாண்டி, வாய்க்கரிசித் தட்டை நோக்கி நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

“மதுரையா மச்சான்?”

“ஆமா மாப்ள. காரியம் முடியட்டும், பொறு.”

புதுவயல் ஆலையில் முத்தரசுவுடன் மூட்டை தூக்கிய பெத்தன் சீறினார். “என்னத்தப் பொறுக்குறது? இவுகப்பன் இருந்தா, ‘மொதல்ல எடுத்துப் பேசுடா கூறுகெட்டவனே’ன்னு வஞ்சிருப்பான்.”

சேதுபதி கைப்பேசியை வேல்பாண்டியின் காதருகே பிடித்தார்.

வேல்பாண்டியின் நான்கு மாத மகள் கீர்த்திக்கு இதயத்தில் ஓட்டை. மூச்சு விடுந்தோறும் சீழ்க்கை போன்றதோர் ஓசை எழும். சளி என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். நேற்று ஆலை வாசலில் தகப்பனார் சாய்ந்து உயிர்விட்டதும், மதுரை மருத்துவமனையில் குழந்தையுடன் இருந்த மனைவி தீபலட்சுமியிடம், “அப்பாவுக்குக் காய்ச்சல்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் வந்திருந்தான். அக்காள் செந்தாமரையின் கட்டளை அது. “பச்சப்புள்ளக்காரிடா. அழுதா பால் வத்திரும். வாயத் தொறந்துராத.”

“கீர்த்தி அப்பாவா?” பெண் மருத்துவரின் குரல். “கேமரா விட்டுப் பாத்துட்டோம். அது சளி இல்ல. இதயத்துலருந்து போற ரத்தக்குழாய் வீங்கி, மூச்சுக்குழாயை நெரிக்குது. ஓட்டையை மட்டும் அடைச்சா, ஆபரேஷன் முடிஞ்சு மூச்சு மெஷினை எடுத்ததும் குழந்தையால மூச்சுவிட முடியாது. ஓட்டை, குழாய் ரெண்டையும் ஒண்ணாச் சரிசெய்யணும். ஆபத்து கூடத்தான். உங்களைக் கேக்காம உங்க மனைவி கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க.”

அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்னும் சொல் அவன் நாவில் வந்து நின்றது. அவரைக் கேளாமல் அவன் எதையும் செய்ததில்லை. சிதையைப் பார்த்தான்.

“செய்யுங்கம்மா.”

மறுமுனையில் கைப்பேசி தீபலட்சுமியிடம் கைமாறும் அரவம் கேட்டது. அந்நேரம் சங்கு முழங்கியது. சேதுபதி கைப்பேசியை உள்ளங்கையால் பொத்துவதற்குள் ஒலி மறுமுனைக்குப் போய்விட்டது.

“என்னங்க, எங்க நிக்கிறீக?”

சங்கு ஊதுபவரை நிறுத்தச் சொல்லி வேல்பாண்டி கையசைத்தான்.

“மாமாவா?”

“ம்.”

மறுமுனையில் குழந்தையின் மூச்சோசை மட்டும் கேட்டது. இழுத்தது, நின்றது, மறுபடியும் இழுத்தது.

“வாய்க்கரிசி போட்டாச்சா?” என்றாள் தீபலட்சுமி.

“இனிமேத்தான்.”

“எனக்கும் சேத்து ஒரு பிடி போடுங்க. பாப்பாவ ஆபரேஷனுக்கு வாங்கிட்டுப் போக வந்துட்டாக. நான் கையெழுத்துப் போடுறேன்.”

இணைப்பு அறுந்தது.

வேல்பாண்டி ஒரு பிடி அள்ளித் தகப்பனாரின் வாயில் இட்டான். மனைவிக்காக மற்றொரு பிடி. கை மூன்றாம் முறையும் தானாகவே தட்டுக்குப் போய், நான்கைந்து மணிகளை எடுத்தது.

“இது யாருக்குடா?” என்றார் பெத்தன்.

மகளின் பெயர் நாவுக்கு வந்துவிட, வேல்பாண்டி திடுக்கிட்டு விரல்களை விரித்தான். அரிசி தட்டிலேயே உதிர்ந்தது. ஈரவிரலில் ஒட்டியிருந்த ஒரு மணியையும் விடாமல் தட்டிலேயே உதறினான்.