அப்பாவின் கடைசி பாட்டில்

செலவில்லாத பயணம் என்று சொல்லித்தான் என்னோடு படிக்கும் ஸ்தாத்திஸையும் மிர்த்தோவையும் கூட்டி வந்தேன். கப்பலின் திறந்த மேல்தளத்தில் மாணவர் சீட்டு, படுக்க எங்கள் பூட்டிய வீடு, குளிக்கக் கடல். எதற்காகப் போகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார்கள். தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை.

கிரேக்கத் தீவான அமோர்கோஸில் எங்கள் ஊர்க் கல்லறை கையகலம். மூன்று வருடம் ஆனதும் குழியை அடுத்தவருக்கு விட வேண்டும். எலும்புகளை எடுத்து, வைனில் கழுவி, பெட்டியில் வைப்பது பிள்ளைகளின் வேலை. அப்பாவுக்கு நான் ஒருத்திதான். அவர் கையால் பிழிந்த வைனில் மிஞ்சிய ஒரே பாட்டிலை இதற்காகவே கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். அவரை அவருடைய வைனில் கழுவ வேண்டும், வேறெதுவும் எனக்குப் பெரிதில்லை.

அந்த வைன்மேல் அவருக்கு அப்படியொரு கர்வம். வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து ஊற்றுவார். ஒரு மிடறு குடித்துவிட்டு "பிரமாதம்" என்பார்கள். அவர் உள்ளே போனதும் மீதியைப் பூந்தொட்டியில் சாய்ப்பார்கள். இரண்டாவது கிளாஸ் கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

காலையில் கப்பலில் கண்விழித்தபோது, என் பைக்குள் இருந்த அந்த பாட்டில் ஸ்தாத்திஸின் காலடியில் உருண்டுகொண்டிருந்தது. காலி.

"ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே? குளிர் தாங்கல, குடிச்சிட்டோம். எறங்குனதும் வேற வாங்கித் தர்றேன், போதுமா?"

"வேற கெடையாதுடா," என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன். பாட்டிலைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன்.

கல்லறை வாசலில்தான் விஷயத்தைச் சொன்னேன். மிர்த்தோ வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்தாத்திஸ் மட்டும் பின்னால் வந்தான்.

குழி தோண்டும் ஆனெசா மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினாள். தலைதான் முதலில் வந்தது. "வாங்க, நல்லபடியா வந்துட்டீங்க," என்று வழக்கப்படி அதை வரவேற்று என் கையில் கொடுத்தாள். அப்பாவின் தலை இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"வைன எடும்மா."

நான் வாய் திறப்பதற்குள் ஸ்தாத்திஸ் சொன்னான். "நாங்க குடிச்சிட்டோங்க. தெரியாம."

ஆனெசா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "செத்தவன் பங்கையா தம்பி? நல்லா வளத்திருக்காங்க உன்ன."

அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. வாயில் வந்தது வேறு.

"எப்படிடா இருந்துச்சு?"

"எது?"

"வைன்."

பொய் சொல்வான் என்று நினைத்தேன். "ஒரே புளிப்பு," என்றான். "மொத வாய்லயே மிர்த்தோ கடல்ல கொட்டிடலாம்னா. நாந்தான் விடல. அப்புறம் பழகிருச்சு. முடிஞ்சதும் இன்னொரு பாட்டில் இருக்கான்னு உன் பையத் துழாவிப் பாத்தோம்."

காலி பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். அடியில் ஒட்டியிருந்த வண்டல் கரைந்து தண்ணீர் லேசாகச் சிவந்தது. ஸ்தாத்திஸ் ஊற்ற, நான் நெற்றியிலிருந்து தேய்த்துக் கழுவினேன். அழுகையை அடக்கவில்லை.

துணியில் சுற்றுவதற்குமுன் அந்தத் தலையை முகத்தருகே தூக்கிக்கொண்டேன்.

"அப்பா, இன்னொரு பாட்டில் கேட்டாங்கப்பா."