பேக்கிங் ஹாலின் ஃபேன்

மூன்றாவது தடவையாக லேப்டாப் தானாக அணைந்தபோது தேவகிருபை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏற்றுமதிக்குப் போகிற, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியின் சோதனைச் சான்றிதழில் பாதிதான் அடித்திருந்தாள். நாலு மணிக்குத் தூத்துக்குடி ஏஜெண்டு வந்து நிற்பார். தாள் இல்லாவிட்டால் சரக்கு லாரி ஏறாது. மணி இரண்டரை ஆகியிருந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மே மாதம். இராஜபாளையத்திலேயே இப்படி ஒரு மெஷின் வேறு எந்தக் கம்பெனியிலும் இல்லை என்பது முதலாளி ஐயாதுரையின் பெருமை. சிங்கப்பூரிலிருந்து மருமகன் கொண்டுவந்து கொடுத்தது. "தட்டுறதத் தவிர வேற எதையும் தொட்டுறாதம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பொன்னுராஜ், சிக்கிக்கொண்ட பிரிண்டரைத் தானே திறந்து பார்த்தவன். மத்தியானச் சோற்றைக்கூடத் தின்ன விடாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். தேவகிருபை பேக்கிங் ஹாலில் ஆறு வருஷம் பாண்டேஜ் சுருட்டிவிட்டு, சாயங்காலங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் படித்து, மூன்று மாதம் முன்புதான் ஆபீசுக்கு வந்தாள். மகளுக்கு நாற்காலி வேலை கிடைத்ததை அவள் அம்மா சபையில் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மையென்று சாட்சியாகவே சொல்லியிருந்தாள். அதை நினைத்தால் இப்போது இன்னும் பயமாக இருந்தது.

காலையில் இரண்டாம் தடவை அணைந்ததுமே முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மனுசனுக்கே இந்த வெக்க தாங்கல, மிஷினுக்குத் தாங்குமா? ஏலே மலைச்சாமி, பேக்கிங் ஹால் ஃபேனத் தூக்கிட்டு வா!"

அங்கே இருந்ததே, தலையை இரண்டு பக்கமும் திருப்பிச் சுற்றுகிற அந்த ஒரு ஸ்டாண்டு ஃபேன்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருபது பெண்கள். ஏழு மாதக் கர்ப்பிணி செல்லத்தாய் வாசல்வரை பின்னாலேயே வந்தாள். "ஏட்டி கிருபை, செத்த நேரத்துல திருப்பி அனுப்பிருவியாட்டி?"

தேவகிருபை தலையாட்டினாள்.

மேஜைக்கு நேரே ஃபேனை முழு வேகத்தில் வைத்தும், தாள்கள் பறந்ததுதான் மிச்சம். முதலாளி மருமகனிடம் ஃபோனில் கேட்டுவர வீட்டுக்குப் போயிருந்தார். ஆண்டவரே, என்று முனகிக்கொண்டு அவள் செய்யக்கூடாததைச் செய்தாள். லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் தோசைக்கல்லாய்ச் சுட்டது. காற்றுத் துவாரங்களின் மேல் ஒரு காஸ் துண்டு, நாலு ஓரமும் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது.

அவளே ஒட்டியதுதான். அந்தக் கம்பெனியில் பஞ்சுத் தூசிக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் காஸ் கட்டுவார்கள். தண்ணீர்ப் பானை, சுவர்க் கடிகாரம், சாமி படம்கூடத் தப்பாது. லேப்டாப் வந்த அன்றைக்கே, உள்ளே தூசி போய்விடக் கூடாதே என்று மடிப்பு மாறாமல் ஒட்டிவிட்டு, தன் பொறுப்பை எண்ணித் தானே பூரித்துப் போயிருந்தாள். இந்த மூன்று மாதத்தில் பஞ்சு படிந்து படிந்து அது கம்பளிபோலத் தடித்திருந்தது. மெஷினுக்கு மூச்சுவிட வழியில்லை. வெளியே எம்புட்டு ஃபேன் வைத்து என்ன?

பிய்த்தெடுத்தாள். சூடு ஆறுகிறவரை பத்து நிமிஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ஸ்விட்சை அமுக்கினாள். உள்ளே சின்னக் காற்றாடி உர்ரென்று சுற்றத் தொடங்கியது. லேப்டாப் அப்புறம் அணையவே இல்லை. மூன்றரைக்குச் சான்றிதழ் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தது.

முதலாளி உள்ளே வரும்போதே தாளைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியாம்மா! லைன் கெடைக்கல, ஆனா நான் சொன்னதுதான் சரி. காத்து பட்டதும் ஓடுது பாரு. இனிமே இந்த ஃபேன் இங்கனயே இருக்கட்டும்."

தேவகிருபையின் வலது கைக்குள் காஸ் துண்டு கசங்கியிருந்தது. பேசாமல் குப்பைக்கூடையில் போட்டுவிட்டால் முடிந்தது. நாற்காலியும் தன்னுடையது, அம்மாவின் சாட்சியும் பொய்யாகாது. ஜன்னல் வழியே பேக்கிங் ஹால் தெரிந்தது. செல்லத்தாய் கழிவுத் துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மொதலாளி" என்றாள். "அந்த ஃபேனு..."

"என்னம்மா?"

கையை நீட்டி விரித்தாள். அந்த நேரம் பார்த்து ஃபேன் இந்தப் பக்கம் திரும்பியது. காஸ் துண்டு உள்ளங்கையை விட்டு எழும்பி, முதலாளியின் வெள்ளைச் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. துவாரங்களின் அச்சாக அதில் நாலு கறுப்புக் கோடுகள். அவர் தலையைக் குனிந்து அதைப் பார்த்தார்.