தாயம்மாவின் முதுகு

...முதுகைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை, மேட்ரனைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், என்று நினைத்துக்கொண்டே கங்கா பஸ்ஸிலிருந்து இறங்கினாள், கிள்ளானில் மூன்று மாதத் தாதியர் பயிற்சி முடிந்து கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற முதல் நாள், ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்கிறது, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த முதுகு மட்டும் எப்படி இருக்கிறதோ... தாயம்மா, தோட்டத்து லோரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவள், கிடந்த கிடையாகக் கிடந்து முதுகெல்லாம் புண், அது ஆறி மூடின மறுவாரமே கங்கா கிளம்ப வேண்டியதாயிற்று, "நீ போயிட்டா என்னை யாரு மிஸ்ஸி பொரட்டுவா?" என்று கேட்டாளே, பாவி மனுஷி, அதை எதற்குச் சிரித்துக்கொண்டே கேட்டாள்?

மேலிடத்து உத்தரவு வந்தது வாஸ்தவம்தான், எண்பத்தாறில், தரம் தரம் என்று, படுக்கைப் புண்ணே இருக்கக் கூடாதாம், சுவரில் அட்டை மாட்டினார்கள், நேரத்துக்கு நோயாளியைப் புரட்டிவிட்டுக் கட்டத்தில் டிக் போடு என்றார்கள், கொஞ்ச நாள் புரட்டிவிட்டு டிக் போட்டார்கள், அப்புறம் புரட்டாமலே போட்டார்கள், நல்ல கூத்து! அட்டையைப் பார்த்தால் எல்லாருக்கும் சுகம், முதுகைப் பார்த்தால் சீழ்... தாயம்மாவின் முதுகில் அதைப் பார்த்த அன்று கங்காவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அன்றைக்கென்று வார்டு ரேடியோவில் செய்தி ஆரம்பித்தது, நோயாளிக்குத் துணையாக வந்திருந்த தோட்டத்துச் சனமெல்லாம் கப்சிப், எல்லாக் காதும் ஒரே பக்கம், அடடா, அட்டையை யார் பார்க்கிறார்கள், செய்தியைக் கேட்காதவர் யார்? அன்று முதல் கங்கா போட்ட சட்டம், தமிழோ மலாயோ, செய்தி வந்தால் புரட்டு, அக்கா தங்கச்சி மாமியார் எல்லாரும் கை கொடு, மலாய் ஆயா ரொகாயாகூட இடுப்பில் துண்டைச் சொருகிக்கொண்டு ஓடி வருவாள், என்ன கலகலப்பு, திருவிழாக் கணக்காக இருக்குமே... ஆனால் கங்கா இல்லாத மூன்று மாதம்?

வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள் கங்கா. ரேடியோ வைக்கிற பலகை காலி. ரிப்பேருக்குப் போனது திரும்பவில்லை போல, போச்சு, எல்லாம் போச்சு, சத்தமே இல்லையே, கடைசிக் கட்டிலில் தாயம்மா மல்லாந்து கிடக்கிறாள், எவ்வளவு நேரமாகவோ, ஐயோ, இப்போதே ஓடிப் போய்... கடகடவென்று டீ வண்டி உள்ளே வந்தது, தள்ளிக்கொண்டு வந்தவள் ரொகாயா, டீயை ஊற்றாமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். உடனே வார்டே எழுந்தது. கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள், ஒருத்தி தோளைப் பிடிக்க ஒருத்தி இடுப்பைப் பிடிக்க, "ஏய், பொரட்டாம டீ கிடையாது லா, சீக்கிரம்!" என்று தாயம்மாவே படுத்தபடி அதட்டுகிறாள்! யார் கண்டுபிடித்த வித்தை இது, கங்கா சொல்லித்தரவே இல்லையே? தாயம்மாவின் பக்கத்தில் நின்ற இளம்பெண், அவள் தம்பி பெண்டாட்டி வள்ளியம்மாவாம், கங்காவைப் பார்த்து, "என்னா மிஸ்ஸி, புதுசா? வேடிக்கை பாக்காம கை குடுங்க," என்றாள்.

கங்கா கை கொடுத்தாள். தாயம்மா சுவரைப் பார்க்கத் திரும்பினாள், சட்டை விலகியது, பழைய தழும்பு மட்டும், மற்றபடி சுத்தமான முதுகு, எண்ணெய் தடவின பளபளப்பு, கங்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது, அந்த முதுகைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இதையெல்லாம் யாரும்மா ஆரம்பிச்சது?"

"யாரு ஆரம்பிக்கணும்? இங்க எப்பவும் இப்படித்தான்," என்றாள் வள்ளியம்மா.

சுவர்ப்பக்கம் தாயம்மாவின் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள், கள்ளி, யார் ஆரம்பித்தது என்று தெரிந்தவள்தானே... எப்பவும் இப்படித்தானாம், அப்படியானால் ஜெயித்துவிட்டோம் அல்லவா, இதற்குத்தானே பாடுபட்டது, தன் பெயர் எங்கேயும் இல்லாவிட்டால் என்ன, ரொகாயா நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு, "ஆமாம்மா, நான் புதுசுதான்," என்றாள் கங்கா.